ஆசிய மக்கள் இயக்கங்களுக்கான தோழமை நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசியாவின் அடித்தட்டு மக்கள் இயக்கங்களுக்கு வெளிநாடுகளில் சிறு தொகைகளைத் திரட்டி அனுப்பும் ஒரு தன்னார்வக் குழுவில் வேலை செய்கிறேன். கூட்டம் முடிந்து கலையும்போதும் தொலைபேசியிலும் ஒரே ஐயங்களைப் பலர் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய பகுதிகள் பொதுவான அறிமுகம் மட்டுமே. பணம் அனுப்புவதற்கு முன் அந்தந்த நாட்டின் வழக்கறிஞரையோ பட்டயக் கணக்காளரையோ கேட்டுக்கொள்வது அவசியம்.

1. தோழமை நிதி, தோழமை நிதி என்கிறீர்களே, அதுவும் நன்கொடைதானே?

நன்கொடைதான். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையில் உள்ள உறவுதான் இதில் மாறுகிறது. வெள்ளம் புகுந்த ஊருக்கு அரிசி அனுப்பினால் அது நிவாரணம். அந்த ஊரின் ஆற்றங்கரையை மணலுக்காக வெட்டித் தின்றவர்களை எதிர்த்து ஊர் மக்கள் கூடும்போது, அவர்களுடைய கூட்டத்துக்கும் வழக்குக்கும் பயணத்துக்கும் கைகொடுத்தால் அது தோழமை நிதி. நிவாரணத்தில் என்ன தேவை என்பதைப் பெரும்பாலும் கொடுப்பவரே தீர்மானித்துவிடுகிறார். இங்கே அந்தத் தீர்மானம் போராடுபவர்களிடம் இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை.

ஆசியாவுக்குள்ளேயே இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. சீனாவின்மீது ஜப்பான் படையெடுத்திருந்தபோது, 1938இல், சுபாஷ் சந்திர போஸ் தலைவராக இருந்த இந்திய தேசிய காங்கிரஸ் பொதுமக்களிடம் பணம் திரட்டி ஐந்து மருத்துவர்களை அங்கே அனுப்பியது. அவர்களில் ஒருவரான சோலாப்பூர்க்காரர் துவாரகநாத் கோட்னிஸ், 1942 டிசம்பரில் சீனாவிலேயே இறந்தார். தாங்களே அந்நியர் ஆட்சியில் இருந்த மக்கள் தந்த காசு அது.

2. இதுவும் ஒரு என்ஜிஓதானே? பெயரை மட்டும் மாற்றிக்கொண்டீர்களா?

சில தோழமை நிதிகள் சட்டப்படி அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு பெற்றவை. பதிவே இல்லாதவையும் உண்டு. வேறுபாடு வேலை நடக்கும் முறையில் இருக்கிறது. தொண்டு நிறுவனம் தன் திட்டத்தைத் தானே வகுத்து, ஆள் வைத்து, தன் பெயரில் நடத்துகிறது. தோழமை நிதிக்குக் களத்தில் சொந்தத் திட்டம் ஏதும் இருக்காது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றுக்குத் துணை நிற்பதோடு அதன் வேலை முடிகிறது.

நெதர்லாந்தில் 1968இல் தொடங்கிய 'எக்ஸ் மைனஸ் ஒய்' இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. பணக்கார நாடு ஒன்று ஏழை நாடுகளுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பங்கிலிருந்து உண்மையில் கொடுத்ததைக் கழித்தால் வரும் மீதியைக் குடிமக்கள் தாமே தங்கள்மீது வரியாக விதித்துக்கொள்வது என்ற எண்ணத்தில் பிறந்த நிதி அது. இங்கிலாந்தில் அரசியல் நோக்கம் கொண்ட அமைப்பு அறநிறுவனமாகப் பதிவு பெற முடியாது என்பதால், அங்குள்ள பல தோழமைக் குழுக்கள் வரிச்சலுகை வேண்டாம் என்று விட்டுவிட்டு வெறும் சங்கமாகவே இயங்குகின்றன.

3. இவ்வளவு சின்னத் தொகையை வைத்துக்கொண்டு அவர்கள் என்னதான் செய்வார்கள்?

எங்களுக்கு வரும் விண்ணப்பம் பெரும்பாலும் கையால் எழுதிய நோட்டுப் பக்கமாகத்தான் இருக்கும். கைபேசியில் படம் எடுத்து அனுப்பியிருப்பார்கள். வேன் வாடகை, மைக் செட், துண்டறிக்கை அச்சு, நிலப் பதிவேட்டின் நகலுக்கான கட்டணம், கூட்டம் நடக்கும் நாளின் சாப்பாடு என்று வரிசையாக வந்து, கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காக ஒரு வரி இருக்கும்: பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அந்த ஆள் இல்லையென்றால் பெண்களில் பாதிப் பேர் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். பெரிய நிறுவனங்களின் படிவத்தில் இதற்குக் கட்டமே இருக்காது. அவர்கள் கொடுக்கும் மிகக் குறைந்த தொகையே இந்தக் குழுவின் பல ஆண்டுச் செலவைத் தாண்டிவிடும்.

ஜாமீனுக்குக் கொடுக்கும் பணம் தனி வகை. தாய்லாந்தில் மன்னரை அவமதித்ததாகவும் வேறு அரசியல் காரணங்களுக்காகவும் வழக்குத் தொடரப்பட்டவர்களுக்காக, மக்களிடம் திரட்டிய பணத்தில் ராட்சடோன் பிரசோங் என்ற ஜாமீன் நிதி இயங்குகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒழுங்காக ஆஜராகி வழக்கு முடிந்தால் கட்டிய தொகை நீதிமன்றத்திலிருந்து திரும்பிவிடும்; அதே பணம் அடுத்தவரை வெளியே கொண்டுவரும்.

4. சம்பளம் வாங்காமல் யார் இதையெல்லாம் செய்வார்கள்? ஒழுங்காக நடக்குமா?

பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் இரவிலும் விடுமுறை நாளிலும் செய்கிறார்கள். விண்ணப்பத்தை மொழிபெயர்ப்பது, நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு அழைத்துப் பேசுவது, வங்கிக்குக் கடிதம் எழுதுவது, கணக்கு வைப்பது, சந்தா கட்ட மறந்தவர்களுக்கு நினைவூட்டுவது என்று வேலை பெரும்பாலும் சலிப்பூட்டுவதுதான். வரும் பணம் ஏறக்குறைய முழுதாக இயக்கங்களுக்குப் போகிறது என்பதோடு, நிதி தன்னையே காப்பாற்றிக்கொள்வதற்காக ஓட வேண்டியதில்லை என்பதும் இதன் நன்மை. சம்பளப் பட்டியல் இல்லாத குழு, ஒரு பெரிய நன்கொடையாளரின் நிபந்தனையை எளிதாக மறுக்கலாம்.

குறைகளும் உண்டு. ஓய்வு நேரமும் நல்ல இணைய இணைப்பும் உள்ளவர்களின் கையிலேயே வேலை போய்ச் சேர்கிறது. யாராவது நோயில் விழுந்தால் பதில் மாதக்கணக்கில் தாமதமாகிறது. எல்லா வேலையும் இலவசமாகவே நடக்க வேண்டும் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அகதியாக வாழ்ந்து நாள்கூலிக்குப் போகும் ஒருவரிடம் மொழிபெயர்ப்பு கேட்டால், அதற்குக் கூலி கொடுப்பதுதான் முறை.

5. எந்தக் குழுவுக்குக் கொடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? நீங்களா?

சந்தா கட்டுபவர்களும் தன்னார்வலர்களும் மட்டும் உட்கார்ந்து முடிவெடுத்தால், 1ஆம் பதிலில் சொன்ன அடிப்படையே கெட்டுவிடும். ஆகவே பல நிதிகள் தேர்வுக் குழுவில் இயக்கத்தவர்களையே அமர்த்துகின்றன. 'ஃப்ரீடா' என்ற இளம் பெண்ணிய நிதி இன்னும் ஒரு படி மேலே போய், விண்ணப்பித்த குழுக்களே ஒன்றின் விண்ணப்பத்தை மற்றொன்று படித்து வாக்களிக்கும் முறையை வைத்திருக்கிறது. தனக்குத் தானே வாக்களித்துக்கொள்ள மாட்டார்களா என்று சிலர் சிரிப்பார்கள். அதைத் தடுக்க விதி வைப்பது கடினமே இல்லை.

உண்மையான சிக்கல் மொழி. நல்ல ஆங்கிலத்தில், படிவத்தின் எதிர்பார்ப்பு தெரிந்து எழுதப்பட்ட விண்ணப்பம், படிக்கும்போதே நம்பகமானதாகத் தோன்றிவிடுகிறது. அப்படி எழுதத் தெரிந்த ஆள் உள்ள குழுவுக்குப் பெரும்பாலும் வேறு வழியிலும் பணம் கிடைக்கும். மியான்மரின் மலைப்பகுதியிலோ பிலிப்பைன்ஸின் தெற்குத் தீவான மிண்டனாவோவின் உட்புறத்திலோ இருக்கும் குழு, குரல் பதிவாக எதையோ சொல்லி அனுப்புகிறது. ஆகவே தாய்மொழியில் எழுதவும், எழுத முடியாதவர்கள் பேசியே விண்ணப்பிக்கவும் இடம் கொடுக்காத நிதி, எத்தனை நல்ல எண்ணம் கொண்டிருந்தாலும் தெரிந்தவர்களுக்கே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கும் என்பது என் கணிப்பு.

நிதியில் இருப்பவருக்கு உறவோ நெருக்கமோ உள்ள குழு விண்ணப்பித்தால், அவர் அந்தப் பேச்சு முடியும்வரை வெளியே இருக்க வேண்டும். இதை எழுத்தில் வைத்திருப்பது நல்லது. வாய்ப்பேச்சாக இருந்தால் நெருக்கடியில் யாரும் சுட்டிக்காட்டத் துணிய மாட்டார்கள்.

6. பதிவே இல்லாத குழுவை எதை வைத்து நம்புவீர்கள்?

பதிவுச் சான்றிதழ் ஒரு அமைப்பு இருப்பதைத்தான் காட்டுகிறது. அது மக்களுடையதா என்பதைக் காட்டுவதில்லை. அந்தப் பகுதியை அறிந்த, ஒருவரையொருவர் சாராத இரண்டு பேரிடம் விசாரிப்பது முதல் படி. இருவரும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்களானால் அதை ஒரே சாட்சியாகத்தான் கொள்ள வேண்டும். பிறகு குழுவிடமே பேசுகிறோம். கடைசிக் கூட்டத்தை யார் கூட்டினார்கள், எதில் கருத்து வேறுபாடு வந்தது, உறுப்பினர்கள் சொந்தமாக எவ்வளவு போடுகிறார்கள் என்று கேட்போம். ஆங்கிலம் பேசும் ஒருவரோடு மட்டும் பேசி முடித்துவிடாமல், இன்னொரு உறுப்பினரோடும், முடிந்தால் ஒரு பெண்ணோடும் பேசக் கேட்போம். கருத்து வேறுபாடே வந்ததில்லை என்று சொல்லும் குழுவைவிட, சண்டையை விவரமாகச் சொல்லும் குழு எனக்கு நம்பிக்கை தருகிறது.

7. ஒவ்வொரு செலவுக்கும் ரசீது கேட்பீர்களா?

கிடைக்கும் இடத்தில் கேட்கிறோம். கிடைக்காத இடத்தில் குழுவின் இரண்டு பேர் கையெழுத்திட்ட செலவுச் சீட்டு போதும். 3ஆம் பதிலில் சொன்ன பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் போய் ரசீதுப் புத்தகம் கேட்க முடியாது.

அதைவிட முக்கியமாக, கணக்கை முதலில் தங்கள் உறுப்பினர்களிடம் படித்துக் காட்டினீர்களா என்று கேட்கிறோம். இயக்கம் தன் மக்களுக்குக் கணக்குக் காட்டினால், எங்களுக்கு அதன் நகல் போதும். எங்களுக்கு மட்டும் அழகான அறிக்கை வந்து, ஊரில் யாருக்கும் தொகையே தெரியாமல் இருந்தால், அங்கே நாங்கள் கேடு செய்துகொண்டிருக்கிறோம் என்று பொருள்.

8. இந்தியாவில் இருக்கும் இயக்கத்துக்கு நேரடியாக அனுப்பலாமா?

பெரும்பாலும் முடியாது. இந்தியாவில் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம் 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் வந்தது. 2010இல் புதிய சட்டமாக மாற்றப்பட்டு, 2020இல் மேலும் இறுக்கப்பட்டது. எஃப்.சி.ஆர்.ஏ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வெளிநாட்டு மூலத்திலிருந்து பணம் பெற ஓர் அமைப்புக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு கேட்கும் அமைப்பு குறைந்தது மூன்று ஆண்டு இயங்கி, அந்தக் காலத்தில் தன் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். மரத்தடியில் கூடும் ஊர்க் குழுவுக்கு அந்தக் கதவு திறக்காது. தொகை சிறியது என்பதற்காக அமைப்புகளுக்கு விலக்கும் இல்லை.

முன்பு, பதிவு பெற்ற ஒரு பெரிய நிறுவனம் பணத்தை வாங்கி, பதிவு பெற்ற சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்க வழி இருந்தது. 2020 திருத்தம் அதை முற்றிலும் தடை செய்தது. வெளிநாட்டுப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கிலேயே வந்து சேர வேண்டும் என்பதும், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதும் அதே திருத்தத்தில்தான். பகிர்வுத் தடையையும் டெல்லிக் கணக்கு விதியையும் எதிர்த்த வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இது ஏட்டளவில் நிற்கும் சட்டமன்று. டெல்லி எல்லையில் விவசாயிகள் போராடிய 2020 டிசம்பரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பிய பணம் பற்றி பஞ்சாபின் பாரதிய கிசான் யூனியன் (ஏக்தா உக்ரஹான்) அமைப்பிடம் அதன் வங்கிக் கிளையே பதிவு எண்ணைக் கேட்டது. ஆகவே இந்திய இயக்கத்துக்கு உதவ விரும்பும் வெளிநாட்டவருக்கு நாங்கள் சொல்வது, பணத்தைத் தவிர வேறு எதையும் கொடுங்கள் என்பதுதான்: மொழிபெயர்ப்பு, அந்தச் சுரங்கத்தையோ ஆலையையோ நடத்தும் கம்பெனியின் தலைமையகம் உங்கள் நாட்டில் இருந்தால் அதன் பங்குதாரர் கூட்டத்தில் கேள்வி, உங்கள் நாட்டு ஊடகத்தில் செய்தி. பல நேரம் இவை பணத்தைவிட அதிகம் வலிக்கச் செய்கின்றன.

9. நான் இந்திய பாஸ்போர்ட்காரன், வளைகுடாவில் வேலை. நான் கொடுத்தாலும் வெளிநாட்டுப் பணமா?

இல்லை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பிலிருந்து, முறையான வங்கி வழியில் அனுப்பும் நன்கொடை, இந்தச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பெறும் அமைப்பு உங்கள் பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.

குடியுரிமையை மாற்றிக்கொண்டவர் நிலை வேறு. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், பிறந்தது மதுரையாகவே இருந்தாலும், அவர் வெளிநாட்டு மூலமாகத்தான் கருதப்படுவார். ஒரே மேசையில் உட்கார்ந்து பணம் திரட்டும் நண்பர்களில் ஒருவருடைய காசு செல்லும், மற்றவருடையது செல்லாது. இரண்டையும் ஒரே கணக்கில் கலந்து அனுப்பினால் மொத்தமும் சிக்கலாகிவிடும். எனவே இந்தியாவுக்கான தொகையை ஒவ்வொருவரும் தனித்தனியாக அனுப்புவதே சரி.

10. இந்தியாவில்தான் இவ்வளவு கெடுபிடியா? மற்ற நாடுகளில்?

மற்ற நாடுகளிலும் கெடுபிடி கூடிக்கொண்டுதான் வருகிறது. வங்கதேசத்தில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும் என்ஜிஓ விவகாரப் பணியகத்தின் ஒப்புதல் கட்டாயமானது. அரசியலமைப்பையும் அரசியலமைப்பு நிறுவனங்களையும் இழிவாகப் பேசினால் பதிவு பறிபோகலாம் என்ற விதியும் அதில் நுழைந்தது. கம்போடியாவில் 2015இல் சங்கங்களுக்கான கட்டாயப் பதிவுச் சட்டம் வந்தது. சீனாவில் 2017 ஜனவரி முதல் வெளிநாட்டு அமைப்புகளைக் கண்காணிப்பது பொதுப் பாதுகாப்பு அமைச்சகம், அதாவது காவல்துறை. மியான்மரின் இராணுவ ஆட்சி 2022 அக்டோபரில் கொண்டுவந்த சட்டம், பதிவு பெறாமல் இயங்குவதற்குச் சிறைத் தண்டனை வைத்தது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டமும் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகமும் இருக்கின்றன. அந்தச் செயலகம் சில காலம் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே இருந்தது.

ஒரு நாட்டில் பழகிய வழியை அடுத்த நாட்டில் அப்படியே பின்பற்றக் கூடாது. அங்கே இருப்பவர்கள் எது பாதுகாப்பு என்கிறார்களோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

11. எல்லாம் சட்டப்படிதானே அனுப்பினோம், வங்கி ஏன் திருப்பி அனுப்பிவிட்டது?

வங்கிக்கு இதில் இலாபம் சிறிது, அச்சம் பெரிது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, பணமோசடியைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.டி.எஃப். என்ற பன்னாட்டு அமைப்பு, இலாப நோக்கற்ற அமைப்புகள் பயங்கரவாதத்துக்குப் பணம் போகும் வழியாகிவிடலாம் என்று தனிப் பரிந்துரையே வகுத்தது. அவை 'குறிப்பாக' ஆபத்தானவை என்ற சொற்றொடரை 2016இல் அது நீக்கிவிட்டது; 2023இல் மேலும் தளர்த்தித் தெளிவாக்கியது. வங்கிகளின் பழக்கம் மட்டும் அவ்வளவு வேகமாக மாறவில்லை. பெறுபவரின் பெயர் தடைப்பட்டியலில் உள்ள யாரோ ஒருவருடைய பெயரோடு ஒத்துப்போனாலே கணினி நிறுத்திவிடும். பரவலான பெயர் உள்ளவர்களுக்கு இது வாடிக்கையான தொல்லை. குறிப்பு வரியில் 'போராட்டம்' என்று எழுதினால் கேள்வி வரும். அதற்காகப் பொய்க் காரணம் எழுதுவது அதைவிட மோசம்; 'கூட்டச் செலவு, போக்குவரத்து' என்று உண்மையான செலவையே எழுதலாம்.

இடையில் உள்ள வங்கிகள் ஆளுக்கொரு கட்டணத்தைப் பிடித்துக்கொள்வதால், சிறு தொகையில் கணிசமான பங்கு வழியிலேயே கரைந்துவிடும். மியான்மரில் இது உச்சம். அந்த நாடு 2022 அக்டோபரில் எஃப்.ஏ.டி.எஃப். கறுப்புப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய வங்கி ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்று நிர்ணயித்த விலைக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி பெருகிக்கொண்டே போனது. அதிகாரபூர்வ வழியில் மாற்றினால், அந்த இடைவெளி ஆட்சியாளர்களின் பக்கம் போகிறது.

12. அப்படியானால் உண்டியலில் அனுப்பிவிட வேண்டியதுதானே?

வங்கியைத் தவிர்த்து ஆள்வழியாகப் பணம் மாற்றும் உண்டியல், ஹவாலா ஆகிய வழிகளில் பல குடும்பங்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புவது உண்மை. ஆனால் இந்தியா உட்படப் பல நாடுகளில் அது சட்டவிரோதம். மாட்டிக்கொண்டால் சிறை செல்பவர் பெறுபவர்தான், அனுப்பிய நாம் அல்ல. நிலத்துக்காகப் போராடியவர்மீது பணமோசடி வழக்குப் போட நாமே காரணம் கொடுத்தவர்களாவோம். கிரிப்டோ நாணயத்துக்கும் இதே பதில்தான். சட்டப்படி வழியில்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுகிறோம்.

13. வெளிநாட்டுப் பணம் வாங்கினாலே அந்நியக் கைக்கூலி என்பார்கள். அதற்கு என்ன பதில்?

வாங்காவிட்டாலும் சொல்வார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் மக்கள் கூடியிருந்தபோது, 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், அந்த எதிர்ப்புக்குப் பின்னால் பெரும்பாலும் அமெரிக்காவைச் சார்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக ஓர் அமெரிக்க அறிவியல் இதழுக்குச் சொன்னார். தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் சிலவற்றின் கணக்குகள் முடக்கப்பட்டன. பந்தலுக்கான செலவில் மீனவர்கள் தங்கள் வருவாயிலிருந்து கொடுத்த பங்கு பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. உலை ரஷ்யாவிலிருந்து வந்தது என்பதும் அந்நியக் கை என்ற கணக்கில் சேரவில்லை.

இது ஆசியா முழுவதும் கேட்கும் குரல். பிலிப்பைன்ஸில் செயற்பாட்டாளர்களைக் கம்யூனிஸ்ட் கலகக்காரர்கள் என்று முத்திரை குத்தும் வழக்கம், உயிருக்கும் விடுதலைக்கும் பாதுகாப்புக்கும் அச்சுறுத்தலே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் ஒரு தீர்ப்பில் சொல்லும் அளவுக்கு அது முற்றியிருந்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2020 மார்ச்சில், கட்சி அரசியல் நோக்கமின்றி மக்கள் பிரச்சினைக்காக பந்த், மறியல் ஆகியவற்றை ஆதரிப்பதாலேயே ஓர் அமைப்பை அரசியல் தன்மை கொண்டதாக முத்திரையிட்டு வெளிநாட்டுப் பங்களிப்பை மறுக்க முடியாது என்றது.

எனினும் தீர்ப்பு வேறு, ஊரில் பரவும் பேச்சு வேறு. அவதூறைச் சுமக்கப் போகிறவர்கள் அவர்கள் என்பதால், பணம் வேண்டுமா என்று முதலில் அவர்களிடமே கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்ன குழுக்கள் உண்டு. அவர்களோடு உறவு அதனால் அறுந்துபோவதில்லை. 8ஆம் பதிலில் சொன்ன மற்ற உதவிகள் இருக்கின்றன.

14. பணம் வந்தால் இயக்கம் உடைந்துவிடும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்களே?

அவர்கள் கண்டதைச் சொல்கிறார்கள். கையில் இருந்து போட்டு நடத்திய கூட்டத்துக்கு வெளிப்பணம் வந்த பிறகு, அது நின்றால் கூட்டமும் நின்றுவிடும். உறுப்பினர் சந்தா கேட்பது வெட்கமாகிவிடும். முழுநேர ஊழியர்கள் வந்து, அடுத்த தவணைக்கு ஏற்றபடி போராட்டத்தின் நாட்காட்டி மாறும். யாரிடம் வங்கிக் கணக்கு இருக்கிறதோ அவர் சொல்லுக்கு எடை கூடும்.

இதற்கு முழு மருந்து கிடையாது. இயக்கம் தானே திரட்டுவதைவிட அதிகமாக நாங்கள் கொடுப்பதில்லை. தொடர் சம்பளத்துக்குக் கொடுப்பதில்லை. எந்தச் செலவு, எதுவரை என்று முதலிலேயே பேசிவிடுகிறோம். ஜாமீன், நீதிமன்றக் கட்டணம், ஒருமுறை நடக்கும் பெரிய மாநாடு போன்ற எதிர்பாராத பாரத்தில் தோள் கொடுப்பது, அன்றாட ஓட்டத்துக்குக் கொடுப்பதைவிடத் தீங்கு குறைந்தது. இந்த விதிகளைக் கண்டிப்பு என்று குறைசொல்லும் நண்பர்கள் எங்கள் குழுவுக்குள்ளேயே இருக்கிறார்கள். இரண்டாண்டு பயிர் பொய்த்த ஊரில் 'உங்கள் பங்கு எங்கே' என்று கேட்பது கொடுமை என்கிறார்கள். அதில் நியாயம் இருப்பதால், உழைப்பாகவும் இடமாகவும் தானியமாகவும் கொடுத்ததையும் அவர்களுடைய பங்காகக் கணக்கிடுகிறோம்.

15. யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பெயரே வெளியிடுவதில்லை. இதில் வெளிப்படைத்தன்மை எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி, முழுத் திருப்தி தரும் பதில் என்னிடம் இல்லை. ஹாங்காங்கில் 2019 போராட்டத்தின்போது கைதானவர்களுக்கும் காயமடைந்தவர்களுக்கும் உதவிய '612 மனிதநேய நிவாரண நிதி' வெளிப்படையாகவே இயங்கியது. தெரிந்த முகங்கள் பொறுப்பேற்றிருந்தார்கள். வயது முதிர்ந்த கர்தினால் ஜோசப் சென் உள்ளிட்ட அந்தப் பொறுப்பாளர்கள் 2022 மே மாதம் கைது செய்யப்பட்டு, நவம்பரில், சங்கமாகப் பதிவு செய்யவில்லை என்ற குற்றத்துக்காக ஆளுக்கு 4,000 ஹாங்காங் டாலர் அபராதம் விதிக்கப்பட்டனர். அதே ஊரின் 'ஸ்பார்க் அலையன்ஸ்' என்ற நிதியின் சுமார் 7 கோடி ஹாங்காங் டாலரைக் காவல்துறை 2019 டிசம்பரிலேயே முடக்கிவிட்டது. பொறுப்பாளர்கள் கைதாவதைவிட, உதவி பெற்றவர்களின் பட்டியல் யார் கையில் போய்ச் சேரும் என்பது பெரிய கவலை.

தென்னாப்பிரிக்காவில் 1966இல் தடை செய்யப்பட்ட 'பாதுகாப்பு மற்றும் உதவி நிதி' இதற்கு ஒரு வழி கண்டது. அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்கு இங்கிலாந்திலும் வேறு நாடுகளிலும் இருந்த சாதாரண மனிதர்கள் நட்புக் கடிதம் எழுதி, அதோடு பணத்தையும் அனுப்பினார்கள். பின்னால் ஒரு நிதி இருக்கிறது என்பது வெளியே தெரியவில்லை. அன்று தபாலில் முடிந்தது இன்றைய வங்கிக் கணினிகளிடம் முடியாது, 12ஆம் பதிலில் சொன்ன ஆபத்தும் இருக்கிறது.

ஆகவே நாங்கள் நடுவே நிற்கிறோம். எந்த நாட்டுக்கு எவ்வளவு, எந்த வகைச் செலவுக்கு, வங்கிக் கட்டணம் எவ்வளவு என்பதைச் சந்தாதாரர் எல்லோருக்கும் அனுப்புகிறோம். பெயர்களும் ஆவணங்களும் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கும். குழுவைச் சாராத கணக்காளர் ஒருவர் அவற்றைப் பார்த்துச் சரி என்று கையெழுத்திடுகிறார். வேலை முடிந்ததும் அடையாளம் காட்டும் விவரங்களில் சட்டம் வைத்திருக்கச் சொல்லாத எதையும் வைத்திருப்பதில்லை. இயக்கமே தன் பெயரை வெளியிட விரும்பினால் தாராளமாக வெளியிடலாம்.

16. கட்சிக்கோ ஆயுதம் ஏந்திய குழுவுக்கோ பணம் போகாது என்று உறுதி சொல்ல முடியுமா?

தேர்தல் கட்சிக்கும் வேட்பாளருக்கும் கொடுப்பதில்லை. ஆயுதக் குழுவுக்கும் கொடுப்பதில்லை. எங்கள் நாட்டுச் சட்டமும் பெறுபவரின் நாட்டுச் சட்டமும் அதைக் கடும் குற்றமாகக் கருதுகின்றன. கோடு தெளிவாக இல்லாத இடங்களும் உண்டு. மியான்மரில் 2021 பிப்ரவரி இராணுவப் புரட்சிக்குப் பிறகு வேலையை விட்டு வெளியேறிய ஆசிரியர்கள், செவிலியர்களின் குடும்பங்களுக்குக் கொடுப்பது சரியே. அதே செவிலியர் காட்டுக்குள் நடத்தும் மருத்துவமனைக்குக் காயம்பட்ட போராளியும் வருவார். மருந்து யாருக்கும் மருந்துதான் என்பது என் நிலைப்பாடு. ஆனால் ரொக்கமாகக் கொடுக்காமல், மருந்தாகவும் பயிற்சியாகவும் கொடுக்கும் வழியைத்தான் தேடுவோம்.

17. நீங்கள் பணம் கொடுத்த பிறகு அந்தக் குழு இரண்டாக உடைந்தால் யார் பக்கம் நிற்பீர்கள்?

எந்தப் பக்கமும் நிற்பதில்லை. அனுப்பாத தவணையை நிறுத்திவைப்போம். அனுப்பியதை எந்தச் செலவுக்கென்று அனுப்பினோமோ அதற்கே செலவிட்டு, இரு பிரிவினர் முன்னிலையிலும் கணக்கைப் படிக்கச் சொல்வோம். பஞ்சாயத்து செய்ய வெளியூர்க்காரர்களுக்கு உரிமை இல்லை. பண முறைகேடு, பெண்கள்மீதான அத்துமீறல் ஆகியவை மட்டும் விதிவிலக்கு. புகார் சொன்னவரின் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டு, அங்கேயே மதிப்புள்ள மூன்றாம் தரப்பினரை விசாரிக்கக் கேட்போம். முடிவு தெரியும்வரை ஒரு காசும் போகாது.

18. நாங்கள் நாலைந்து பேர் வெளிநாட்டில் இருக்கிறோம். நாங்களே ஒன்று தொடங்கலாமா?

தொடங்கலாம். அதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் ஒரு நிதியின் கணக்குக்குள் தனிப் பெயரில் இடம் கிடைக்குமா என்று பாருங்கள். பதிவு, தணிக்கை, வங்கியோடு மல்லுக்கட்டுவது எல்லாம் மிச்சமாகும். தனிநபர் கணக்கில் பணம் திரட்டாதீர்கள். எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் வருமான வரித்துறை அதை அவருடைய வருமானமாகப் பார்க்கும். எந்தப் பணம் எடுப்பதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். இருவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது.

முதல் ஆண்டு உங்களுக்கு மொழி தெரிந்த ஒரே நாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எவ்வளவு தர முடியும் என்பதைவிடக் குறைவாகவே வாக்குக் கொடுங்கள். வராத பணத்தை நம்பி வேன் பிடித்துவிட்டவர்கள் அந்த வாடகையைக் கடன் வாங்கித்தான் கட்டுவார்கள். உங்களில் பாதிப் பேர் ஊர் மாறியோ வேலை மாறியோ விலகும் நாள் வரும். அன்று மீதமுள்ள தொகை யாருக்குப் போகும், இயக்கங்களுக்கு எத்தனை மாதம் முன்னதாகத் தெரிவிப்பீர்கள் என்பதைத் தொடக்கக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.